சுவான்சி: அரிசோனா பாலைவனத்துச் செம்பு உருக்காலை நகரத்தைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

கெடா மாநிலத்துப் பாடாங் செராயிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கும் கேள்வியை முதலில் சுருக்கமாகத் தருகிறேன். அவருடைய மகள் அரிசோனாவில் படிக்கிறாள். ஆண்டிறுதி விடுமுறையில் குடும்பத்தோடு அவளைப் பார்க்கப் போகிறார்கள். சுவான்சி என்னும் கைவிடப்பட்ட செம்பு உருக்காலை நகரத்துக்கு எல்லாரையும் அழைத்துப் போக வேண்டும் என்பது மகளின் ஆசை. “இடிந்த சுவர்களைப் பார்க்கவா அவ்வளவு தூரம் போவது? வயதான மாமியாரையும் சின்னப் பையனையும் கூட்டிப் போகலாமா? போனால் அங்கே எதைப் பார்ப்பது?” என்று சகோதரி கேட்கிறார். நான் ரப்பர் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்து, பட்டர்வொர்த் ஈய (வெள்ளீய) உருக்காலையில் உலைப்பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அக்காள் மகன் புண்ணியத்தில் சுவான்சியை நேரில் பார்த்தவன். அதனால் சற்று நீட்டியே எழுதுகிறேன்.

போகலாம். ஆனால் அழகான இடிபாடுகளை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமே மிஞ்சும். அங்கே இருப்பவை கரைந்துபோன மண்சுவர்கள், செங்கல் உலைக்கூடத்தின் எலும்புக்கூடு, தாதை உருக்கியபின் மிஞ்சிய கருங்கசடின் மேடுகள், மூடப்பட்ட சுரங்க வாய்கள் ஆகியவைதாம். வருகிற பலர் சுவர்களைப் படம் பிடித்துக்கொண்டு அரை மணி நேரத்தில் திரும்பிவிடுகிறார்கள். தண்ணீர் எங்கிருந்து வந்தது, எரிபொருள் எதில் வந்தது, வேலையாட்கள் எங்கே படுத்தார்கள் என்று கேட்டுக்கொண்டே நடப்பவருக்கு அதே இடம் ஒரு நிறுவனத்தின் வரவு செலவுக் கணக்குப் புத்தகம்போல் விரியும். தோட்டத்தில் வளர்ந்த நம்மவர்களுக்கு அந்தக் கணக்கு புரியாமல் போகாது.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். அரிசோனாவின் மேற்கு ஓரத்தில், இன்றைய லா பாஸ் மாவட்டத்தில், பக்ஸ்கின் மலைத்தொடரின் நடுவே, பில் வில்லியம்ஸ் ஆற்றுக்குத் தெற்கில் சுவான்சி இருக்கிறது. பக்கத்தில் உள்ள ஊர் பவுஸ். அங்கிருந்து வடக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் மண்சாலையில் போக வேண்டும். ஃபீனிக்ஸிலிருந்து பவுஸ் வரை தார்ச்சாலையில் சுமார் இரண்டு மணி நேரம் ஆகும். நிலம் கூட்டரசுக்கு (அமெரிக்க மத்திய அரசுக்கு)ச் சொந்தம். அதன் நில மேலாண்மைப் பணியகம் பராமரிக்கிறது. நுழைவுக் கட்டணம் வசூலிக்கவோ காவல் காக்கவோ யாரும் இல்லை. விளக்கப் பலகைகளும் நடைபாதையும் நிழற்கூரைகளும் கழிப்பறையும் உண்டு. குடிநீர் கிடையாது.

அந்தப் பகுதியில் 1860களிலேயே தாது தோண்டினார்கள். அன்று இரயில் இல்லாததால், செம்புத் தாதை வண்டியில் ஏற்றிக் கொலராடோ ஆற்றுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து நீராவிப் படகில் கடலுக்கு அனுப்பினார்கள். அப்படி அனுப்பினால் மிக வளமான தாதுக்கு மட்டுமே கட்டுப்படியாகும். இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் பவுஸ் வழியாகப் பார்க்கர் வரை இரயில்பாதை போடப்பட்ட பிறகே, வளம் குறைந்த செம்புத் தாதின் பக்கம் பலருடைய பார்வை திரும்பியது. அவர்களில் ஒருவர்தான் ஜார்ஜ் மிட்செல்.

மிட்செல் வேல்ஸ் நாட்டுச் சுவான்சிக்காரர். அங்கே உருக்குத் தொழிலைக் கற்று அமெரிக்காவுக்கு வந்து, அரிசோனாவின் ஜெரோமில் வில்லியம் கிளார்க்கின் யுனைடெட் வெர்டே சுரங்கத்திலும், பிறகு மெக்சிகோவின் கனனேயாவில் வில்லியம் கிரீனிடமும் உலைப் பொறுப்பில் இருந்தார். சூடான காற்றை ஊதும் ஓர் உலை வடிவத்துக்கு அவர் பெயர் உண்டு. ஆக, ஊரும் பேரும் தெரியாமல் பாலைவனத்தில் பணத்தைக் கொட்டிய ஆள் என்று அவரைத் தள்ளிவிட முடியாது, தொழில் தெரிந்தவர். கிளாரா கன்சாலிடேட்டட் என்ற நிறுவனத்தின் பெயரில் பிரான்சு நாட்டு முதலீட்டையும் திரட்டிக்கொண்டு 1908இல் வேலையைத் தொடங்கினார். நாளொன்றுக்கு 350 டன் தாது தின்னும் உலை, ஐந்து சுரங்கக் குழிகளுக்கு இழுவைப் பொறிகள், ஆற்றிலிருந்து தண்ணீர்க் குழாய் என்று எல்லாமே பெரிய அளவில் எழுந்தன. 1909இல் அஞ்சல் நிலையம் வந்தது. பவுஸிலிருந்து சுமார் 21 மைல் நீளத்துக்குத் தனி இரயில்பாதை 1910இல் முடிந்து, அதே ஆண்டில் உலையும் எரியத் தொடங்கியது. 750 பேர் வரை வாழ்ந்த அந்த ஊரில் செய்தித்தாள், மின்விளக்கு, மருத்துவர், மதுக்கடைகள், நாடகக் கொட்டகை என எல்லாம் இருந்தன. மோட்டார் வண்டி விற்பவர்கூட இருந்தார்.

உலை எரியத் தொடங்கி இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே நிறுவனம் திவாலாகிவிட்டது.

ஏன் என்பதுதான் அங்கே பார்க்க வேண்டிய விஷயம். இதற்கு உருக்குத் தொழிலைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். சுவான்சியில் கிடைத்தது செம்பு, இரும்பு, கந்தகம் மூன்றும் சேர்ந்த தாது. கூடவே மினுங்கும் ஹெமடைட் இரும்புக் கல்லும் வரும். நம் ஈயத் தாது அப்படிப்பட்டதன்று. அது ஆக்சைடு. அதைக் கரியோடு சேர்த்து உருக்கினால் கரி பிராண வாயுவைப் பறித்துக்கொள்ள, ஈயம் அடியில் தேங்கும். முதல் கசடில் கணிசமான ஈயம் தங்கிவிடும் என்பதால் கசடை மறுபடியும் உருக்குவோம், அவ்வளவுதான். செம்பு அவ்வளவு எளிதில் பிரிந்து வராது. தாதோடு சுண்ணாம்புக் கல்லும் கற்கரியும் (கோக்) சேர்த்து உலையில் போட்டால், இரும்பின் பெரும்பகுதியும் மண்ணும் கசடாக மேலே மிதக்கும். செம்பும் மீதி இரும்பும் கந்தகமும் சேர்ந்த மேட் என்னும் கனமான குழம்பு அடியில் நிற்கும். அந்தக் குழம்பை வேறொரு கலத்தில் ஊற்றிக் காற்றை ஊதினால் கந்தகம் புகையாகவும் இரும்பு கசடாகவும் போக, கொப்புளம் படர்ந்த முரட்டுச் செம்பு கிடைக்கும். அதையும் தொலைவில் உள்ள சுத்திகரிப்பு ஆலைக்கு அனுப்பினால்தான் கம்பி இழுக்கத் தகுந்த செம்பாகும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். தாதில் நூற்றுக்கு மூன்று பங்கு செம்பு இருப்பதாக வைத்துக்கொண்டால், 350 டன் தாதிலிருந்து பத்து டன் அளவுக்குத்தான் செம்பு வரும். மீதி முழுவதும் சூடாக்கி, உருக்கி, வெளியே கொட்ட வேண்டிய பாரம். தாதின் எடையில் பத்திலொரு பங்கு கற்கரி என்று குறைத்தே மதிப்பிட்டாலும் நாளுக்கு 35 டன் கற்கரி வேண்டும். அந்தப் பாலைவனத்தில் அது ஒரு கூடைகூடக் கிடைக்காது. அத்தனையும் இரயிலில் வர வேண்டும். அக்காலத்துச் செம்பு உலைகளின் எஃகுச் சுவரைக் குளிர்விக்கத் தண்ணீரும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் உலை கெட்டுப்போகும். அந்தத் தண்ணீரைப் பில் வில்லியம்ஸ் ஆற்றிலிருந்து மலை மேட்டுக்கு இறைத்து ஏற்றினார்கள். இறைக்கும் பொறிக்கும் எரிபொருள் வேண்டும்.

வேல்ஸ் நாட்டுச் சுவான்சி இதற்கு நேர் எதிரான கணக்கில் வளர்ந்த ஊர். ஒரு டன் தாதை உருக்க அன்றைய முறையில் மூன்று நான்கு டன் நிலக்கரி செலவானதால், நிலக்கரி இருக்கும் துறைமுகத்துக்குத் தாதைக் கொண்டுவருவதே மலிவாக இருந்தது. கார்ன்வால், கியூபா, சிலி என்று எங்கிருந்தெல்லாமோ தாது அங்கே வந்து இறங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனின் செம்பில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு அந்த ஊரிலும் சுற்றுப்புறத்திலும்தான் உருக்கப்பட்டது. நம் நாட்டு ஈயமும் அதே வழியில்தான் போனது. ஸ்ட்ரெய்ட்ஸ் டிரேடிங் நிறுவனம் 1890இல் சிங்கப்பூரின் புலாவ் பிரானியிலும் 1902இல் பட்டர்வொர்த்திலும் உருக்காலை வைத்ததற்குக் காரணம், ஈயலம்பங்களின் (ஈயச் சுரங்கங்களின்) தாதும் கப்பலில் வரும் கரியும் அந்தத் துறைமுகங்களில் சந்தித்தன என்பதுதான். பேராக் மலையடிவாரத்தில் ஒவ்வொரு லம்பத்துக்கும் ஒரு பெரிய உருக்காலை கட்டியிருந்தால் அத்தனை முதலாளிகளும் தலையில் துண்டைப் போட்டிருப்பார்கள். சபாவின் மாமுட் செம்புச் சுரங்கத்தையும் நினைத்துப் பாருங்கள். 1975 முதல் 1999 வரை ஓடிய அந்தச் சுரங்கத்தில் உருக்காலையே இல்லை. தாதைச் செறிவாக்கி ஜப்பானுக்குக் கப்பல் ஏற்றிவிட்டார்கள். மிட்செல் செய்தது இவற்றுக்கெல்லாம் தலைகீழ். கரியும் தண்ணீரும் இல்லாத இடத்துக்கு உருக்காலையைக் கொண்டுபோய், மற்ற எல்லாவற்றையும் அதன் காலடிக்கு வரவழைத்தார்.

அதுவும்கூட ஓடியிருக்கும், தாது போதுமான அளவில் வந்திருந்தால். பணத்தில் பெரும்பகுதி நிலத்துக்கு மேலே தெரியும் ஆலைக்கும் இரயிலுக்கும் ஊருக்கும் போய்விட்டது. நிலத்துக்குக் கீழே தாது எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு வேகத்தில் எடுக்க முடியும் என்று சுரங்கத்தை வளர்க்கும் வேலை பின்தங்கியது. எவ்வளவு பால் கிடைக்கும் என்று தெரியாமல் பெரிய ரப்பர்ப் பட்டறை கட்டிய தோட்டத்துரை யாரையும் நான் கேள்விப்பட்டதில்லை. செம்பின் விலையும் கைகொடுக்கவில்லை. 1907இன் தொடக்கத்தில் ராத்தல் (பவுண்டு) 25 அமெரிக்கக் காசை ஒட்டி இருந்த விலை, அந்த ஆண்டின் நிதி நெருக்கடியில் பாதியாகச் சரிந்து, 1910 வாக்கிலும் எழவில்லை. உற்பத்திச் செலவு விற்பனை விலையைத் தாண்டியது. பங்குதாரர்கள் பார்த்து மயங்கும்படி எழுந்த அந்தப் பெரிய ஆலை, செலவைத் தாங்க முடியாத குடும்பம் வாங்கிய பெரிய காரைப்போல் வாசலில் நின்றது.

திவாலுக்குப் பிறகு வேறு கைகள் சுரங்கத்தை எடுத்து நடத்தின. அவர்கள் தாதை வெளியூர் உருக்காலைகளுக்கு அனுப்பத் தொடங்கியதைப் பார்த்தால், மிட்செலின் கணக்கில் எந்த வரி தவறு என்பது பின்னால் வந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது என்றே தோன்றுகிறது. முதல் உலகப் போர் செம்பின் விலையை உயர்த்தியது. 1917இல் அமெரிக்க அரசு ராத்தலுக்கு 23.5 காசு என்று விலை நிர்ணயித்தது. சுரங்கத்துக்கு அதுதான் நல்ல காலம். போர் முடிந்ததும் விலை விழுந்தது. 1924இல் அஞ்சல் நிலையம் மூடப்பட்டது. 1930களிலும் விட்டு விட்டுச் சிறிய அளவில் தோண்டினார்கள். அதன் பிறகு இரயில் தண்டவாளத்தையும் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள்.

இதைத் தெரிந்துகொண்டு நடக்கத் தொடங்குங்கள். முதலில் குடும்பமில்லாமல் தங்கிய வேலையாட்களின் குடியிருப்பு வரிசைக்குப் போகச் சொல்வேன். வெயிலில் உலர்த்திய மண்கல்லால் கட்டிய சிறு அறைகள். பராமரிப்பவர்கள் சிலவற்றுக்குப் புதுக் கூரை போட்டுச் சுவர் கரையாமல் காத்திருக்கிறார்கள். உங்கள் மாமியார் லயத்தில் வாழ்ந்தவராக இருந்தால், அவருக்கு நீங்கள் எதையும் விளக்க வேண்டியிருக்காது. ஒரே அளவு அறைகள், ஒரே திசை பார்த்த வாசல்கள், உயரமான இடத்தில் தள்ளி நிற்கும் மேலாளர் வீடு ஆகிய அமைப்பைப் பார்த்தவுடன் யார் யாருக்குக் கூலி கொடுத்தார்கள் என்று அவரே சொல்லிவிடுவார். மிட்செலின் வீடு இருந்த இடத்தையும் பலகை காட்டும். நம் துரை பங்களாவைப்போல் அதுவும் மற்ற வீடுகளுக்கு எட்டாத தொலைவில்தான் இருக்கிறது.

அடுத்து உலைக்கூடம். செங்கல் சுவர்களில் உயரமாக எஞ்சியிருப்பது தூசி அறை. உலைப் புகை நேரே புகைபோக்கிக்குப் போனால் அதிலுள்ள செம்புத் தூளும் போய்விடும். புகையை அகலமான அறைக்குள் விட்டு வேகத்தைக் குறைத்தால் தூள் கீழே படியும். அதைக் கூட்டி அள்ளி மறுபடியும் உலையில் போடுவார்கள். அந்தத் தூள் அள்ளும் வேலையின் புழுக்கம் எனக்குத் தெரியும். எங்கள் காலத்தில் பைவடிகட்டிகள் இருந்தன, முகமூடியும் இருந்தது. 1910இல் துணியை மூக்கில் கட்டிக்கொண்டுதான் செய்திருப்பார்கள். செம்புத் தாது உருக்கும் இடங்களின் தூசியில் ஆர்செனிக்கும் காரீயமும் கலந்திருப்பது வழக்கம் என்பதால், பையனை அங்கே மண்ணைக் கிளறி விளையாட விடாதீர்கள். சாப்பிடுவதற்கு முன் கையைக் கழுவச் சொல்லுங்கள்.

கசடு மேட்டைப் பலர் கவனிப்பதில்லை. எனக்கு அங்கே மிகவும் பிடித்த இடம் அதுதான். கருப்பாக, கண்ணாடிபோல் பளபளப்பாக, சில இடங்களில் குழம்பு வழிந்து உறைந்த மடிப்புகளோடு கிடக்கும். அந்த மேட்டின் அளவை வைத்தே உலை எவ்வளவு காலம் எரிந்தது என்று ஊகிக்கலாம். பல பத்தாண்டுகள் ஓடிய ஆலையின் கசடு சிறு குன்றாக நிற்கும். ஜெரோமுக்குக் கீழே கிளார்க்டேலில் இருப்பது அப்படித்தான். சுவான்சியின் கசடு அந்த ஆலையின் அளவுக்குப் பொருந்தாமல் சிறுத்துக் கிடக்கிறது. பெரிய அடுப்பில் சமைத்த சோறு சிறிது என்பது பலகையைப் படிக்காமலே தெரியும்.

தரையில் கிடக்கும் துருப்பிடித்த தகர டப்பாக்களையும் ஊதா நிறக் கண்ணாடித் துண்டுகளையும் நின்று பாருங்கள். கண்ணாடியின் பச்சைச் சாயலைப் போக்க அக்காலத்தில் மாங்கனீசு சேர்த்தார்கள். அப்படிச் செய்த கண்ணாடி பல ஆண்டு வெயிலில் கிடந்தால் ஊதாவாக மாறும். முதல் உலகப் போர்க் காலத்தை ஒட்டி அந்த வழக்கம் குறைந்துவிட்டது. ஆகவே ஊதாத் துண்டு கிடந்தால், அது பெரும்பாலும் ஊர் உயிரோடு இருந்த காலத்துப் புட்டி. டப்பாக்களின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. இரும்புத் தகட்டில் பூசிய ஈயம்தான் உணவு டப்பா. அன்று உலக ஈயத்தில் பெரும்பங்கு மலாயாவிலிருந்து போனது, அமெரிக்காவோ அதை வாங்குவதில் முதல் வரிசையில் இருந்தது. சுவான்சியில் கிடக்கும் ஒரு குறிப்பிட்ட டப்பாவைக் காட்டி இது கிந்தாப் பள்ளத்தாக்கு ஈயம் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனாலும் அந்தப் பாலைவனக் குப்பையில் பேராக்கின் ஈயம் கலந்திருப்பதற்கே வாய்ப்பு அதிகம். பட்டர்வொர்த்தில் வேலை பார்த்தவன் அங்கே சற்று நேரம் நின்றதை மன்னிக்க வேண்டும்.

பார்க்கலாம், எடுக்கக் கூடாது. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பொருள்களைக் கூட்டரசு நிலத்திலிருந்து எடுப்பது 1979ஆம் ஆண்டுத் தொல்பொருள் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஓர் ஆணியைக்கூடப் பையில் போட வேண்டாம் என்று பையனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மாணவர் விசாவில் இருக்கும் மகளுக்கு அந்த வம்பு தேவையில்லை.

இடுகாடு ஊருக்குச் சற்று வெளியே இருக்கிறது. பெரும்பாலானவை பெயரில்லாத கல் குவியல்கள். செருப்போடு குவியல்கள்மேல் ஏறாமல் இருந்தால் போதும்.

இங்கே ஒரு கேள்வி எழும். நம் தோட்டங்களும் ஒரே முதலாளியை நம்பியவைதானே, அவை ஏன் இப்படிச் சுவடில்லாமல் போகவில்லை? போனவை உண்டு. 1950களிலும் 60களிலும் பிரிட்டிஷ் நிறுவனங்கள் விற்ற தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது எத்தனையோ லயங்கள் காலியாயின. ஆனால் ரப்பர் மரத்தை வெட்டிவிட்டு மறுபடியும் நடலாம், செம்பனைக்கு மாறலாம், நிலத்தைப் பங்கு போட்டு வாங்கலாம். 1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், தோட்டத் தொழிலாளர்களின் பத்து வெள்ளித் தவணைகளைச் சேர்த்து முதலில் வாங்கிய புக்கிட் சீடிம் தோட்டம் உங்கள் கூலிம் வட்டாரத்தில்தான் இருக்கிறது. சுவான்சியில் அப்படி வாங்குவதற்கு என்ன இருந்தது? மழை இல்லாத நிலம், கரி இல்லாமல் எரியாத உலை, தாது நின்றால் பயனில்லாத இரயில். இன்னொன்றும் உண்டு. பாடாங் செராய்போன்ற ஊர்கள் ஒரு தோட்டத்துக்கு மட்டும் உரியவையாக இருக்கவில்லை. சுற்றியுள்ள பல தோட்டத்தார் சம்பள நாளில் வந்து கூடும் கடைத்தெருவாக, பெரிய சாலை ஓரத்தில் வளர்ந்தவை. கடைகள் தவுக்கேக்களுடையவை (சீனக் கடை முதலாளிகளுடையவை), துரையுடையவை அல்ல. ஒரு தோட்டம் போனாலும் கடைத்தெரு நிற்கும். சுவான்சிக்குப் போகும் இரயிலோ சுவான்சியைத் தவிர வேறெங்கும் போகவில்லை.

போகிற வழியில் ஒரு வேடிக்கையையும் பார்ப்பீர்கள். பவுஸுக்கு வடக்கே சாலை ஓர் அகலமான கால்வாயைக் கடக்கும். ஹவாசு ஏரியிலிருந்து கொலராடோ ஆற்று நீரை ஃபீனிக்ஸுக்கும் டூசானுக்கும் கொண்டுபோகும் மத்திய அரிசோனாத் திட்டத்தின் கால்வாய் அது. 1973இல் தொடங்கி 1993 வாக்கில் முடித்தார்கள். 336 மைல் நீளம். பம்பு வைத்து மலையில் ஏற்றி, சுரங்கம் குடைந்து, பக்ஸ்கின் மலைக்கு இந்தப் பக்கம் கொண்டுவருகிறார்கள். ஒரு குழாய்த் தண்ணீருக்கு மிட்செல் மூச்சு வாங்கிய அதே மலைத்தொடரில் இன்று ஓர் ஆறே செயற்கையாக ஓடுகிறது.

இனி பாதுகாப்பைப் பற்றி. அங்கே உண்மையான ஆபத்து சுரங்கக் குழிகள்தாம். பல குழிகளை இரும்புக் கம்பி வலையால் மூடியிருக்கிறார்கள்; வௌவால்கள் போய்வர இடைவெளி விட்டிருப்பார்கள். மூடாத பள்ளம் எதையாவது கண்டால் விளிம்புக்குப் போகாதீர்கள். விளிம்பு மண் உள்ளே சரியலாம். கிடைமட்டமாகக் குடைந்த வழிகளுக்குள் ஓர் அடிகூட வைக்க வேண்டாம். உள்ளே காற்று கெட்டிருக்கும், மரத்தாங்கிகள் மக்கியிருக்கும். பையனைக் குறிப்பிட்ட நடைபாதையை விட்டு விலகாமல் கையைப் பிடித்துக்கொண்டே அழைத்துப் போங்கள். மண்சுவர்களில் சாயவோ ஏறவோ விடாதீர்கள். அவனுக்கும் நல்லதல்ல, சுவருக்கும் நல்லதல்ல.

காலத்தில் நீங்கள் அதிர்ஷ்டசாலிகள். நவம்பர் முதல் மார்ச் வரைதான் போக வேண்டிய காலம். டிசம்பரில் பகல் இதமாக இருக்கும், இரவு நம் உடம்பு தாங்காத குளிர் அடிக்கும். கோடையில் 45 பாகை செல்சியஸ் தொடுவது அங்கே சாதாரணம். அந்தப் பருவத்தில் வயதானவர்களை அழைத்துப் போவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். குளிர்காலத்தில் விரியன்கள் பெரும்பாலும் பொந்தில் முடங்கியிருக்கும் என்றாலும், கல்லிடுக்கில் கை விட வேண்டாம். வழியில் கழுதைகள் குறுக்கே வரலாம். சுரங்கக்காரர்கள் விட்டுப்போன கழுதைகளின் சந்ததி அவை. 1971 முதல் கூட்டரசுச் சட்டப் பாதுகாப்பில் காட்டு விலங்குகளாகத் திரிகின்றன. தின்பண்டம் கொடுக்காதீர்கள்.

வண்டி விஷயத்தில் மகளிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். சாலை நல்ல நிலையில் இருந்தாலும் மணலும் கல்லும் கலந்தது. தரையிலிருந்து உயரமான வண்டிதான் ஏற்றது. வாடகை வண்டியாக இருந்தால் மண்சாலையில் ஓட்ட ஒப்பந்தம் அனுமதிக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல ஒப்பந்தங்கள் அனுமதிப்பதில்லை. மழை பெய்த மறுநாள் போகாதீர்கள். ஓடைப் படுகைகளைச் சாலை பல இடங்களில் கடக்கிறது. கைப்பேசித் தொடர்பு கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று ஊரில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். ஆளுக்கு நான்கு லிட்டர் தண்ணீர், நல்ல மாற்றுச் சக்கரம், முழுத் தொட்டி பெட்ரோல் ஆகியவை இல்லாமல் பவுஸைத் தாண்டக் கூடாது. உணவும் நீங்களே கட்டிக்கொண்டுதான் போக வேண்டும். புளிச்சோறு அந்தக் காற்றுக்குக் கெடாது.

உங்கள் மாமியாரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் குலுங்கும் மண்சாலைப் பயணத்தை அவருடைய இடுப்பும் முழங்காலும் தாங்குமா என்பதுதான் கேள்வி. போய்ச் சேர்ந்தபின் சிரமம் குறைவு. குடியிருப்பு வரிசைக்குப் பக்கம் நிலம் அநேகமாகச் சமம், நிழற்கூரையில் உட்காரலாம். தாங்காது என்றால், அனைவரும் ஜெரோமுக்குப் போய்விடுங்கள். மலைச்சரிவில் தொங்கும் அந்தச் செம்பு ஊருக்கு முழுக்கத் தார்ச்சாலை. மாநில வரலாற்றுப் பூங்காவாக இருக்கும் பழைய முதலாளி மாளிகையில் சுரங்கத்தின் மாதிரிகளும் கருவிகளும் வைத்திருக்கிறார்கள். கீழே கிளார்க்டேலில், 1950களின் தொடக்கம் வரை ஓடிய உருக்காலையின் கசடு மேட்டைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். மிட்செல் வேலை பார்த்த சுரங்கம் அந்த ஊரில்தான் இருந்தது என்பதால், சுவான்சியின் கதைக்கு முன்கதையும் கிடைக்கும்.

புறப்படுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பையனைச் சிலாங்கூரின் பத்து ஆராங்குக்கு அழைத்துப் போக முடிந்தால் போய் வாருங்கள். 1915 முதல் 1960 வரை ஓடிய நிலக்கரி நகரம் அது; தமிழர், சீனர் உட்படப் பல இனத் தொழிலாளர்கள் 1937இல் வேலைநிறுத்தம் செய்து சுரங்கத்தையே கைப்பற்றிய ஊர். செங்கல் புகைபோக்கிகள் இன்றும் நிற்கின்றன, மக்களும் வாழ்கிறார்கள். கரி எங்கே எடுத்தார்கள், எந்த இரயிலில் போனது, வேலையாட்கள் எங்கே இருந்தார்கள் என்று அங்கே ஒருமுறை கேட்டுப் பழகிய பையன், அரிசோனாவில் உங்களுக்கு முன்னால் ஓடிப்போய் இரயில் மேடையைக் கண்டுபிடித்துவிடுவான். மகளிடம் மட்டும், புறப்படும் வாரத்தில் லேக் ஹவாசு நகரிலுள்ள நில மேலாண்மைப் பணியகக் கிளைக்குத் தொலைபேசியில் பேசி, சாலை திறந்திருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளச் சொல்லுங்கள்.